சங்கிலிக்கு அந்தப் பக்கம்

போன வருடம் மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது. ஆக்லாந்துக்கு வடமேற்கே, எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரக் கார் பயணத்தில் இருக்கும் ஒரு சின்னத் திராட்சைத் தோட்டத்தில் நடந்தது. இதை எழுத உட்கார்ந்து மூன்று தடவை எழுந்து போய்விட்டேன். நடந்ததில் என் பங்கு அப்படி.

நாங்கள் மவுண்ட் வெல்லிங்டனில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு ஐ.டி. வேலை. நான் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருக்கிறேன். மகளுக்கு அப்போது ஏழு வயது. சனி, ஞாயிறு வந்தால் ஷாப்பிங் சென்டர், அதை விட்டால் சான்ட்ரிங்ஹாமில் மளிகைக் கடை, தோசை. இதுதான் எங்கள் உலகம். என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்துத் தோழிதான் அந்தத் தோட்டத்தைப் பற்றிச் சொன்னாள்.

"அக்கா, சூப்பர்மார்க்கெட்டில வாங்கிற அத்திப்பழம் எல்லாம் ஒரு பழமே? ஒருக்கா அங்க போய்ப் பாருங்கோ. மரத்தில இருந்து நீங்களே ஆஞ்சு எடுக்கலாம்."

"ஒயின் பண்ற இடம்னு சொன்னியே?"

"ஓம், ஒயினும் செய்யினம். நீங்கள் பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வாங்கோ. ஆர் குடிக்கச் சொன்னது?"

சரி, போய்த்தான் பார்ப்போமே என்று கிளம்பினோம். கணவர் முதுகில் ஒரு பை. அதில் தண்ணீர் பாட்டில், மகளுக்கு மாற்று உடை, புளியோதரை டப்பா.

தோட்டம் சரிவில் இருந்தது. மேலே கொட்டகை, கீழே வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள். பறவைகள் கொத்தாமல் இருக்கக் கொடிகளின் மேல் வெள்ளை வலை போர்த்தியிருந்தார்கள். கணவனும் மனைவியுமாக இரண்டே பேர் நடத்தும் இடம். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். அறுவடை நேரம் என்பதால் விரல் இடுக்கெல்லாம் திராட்சைக் கறை ஏறி ஊதாவாக இருந்தது. தாத்தா காலத்தில் குரோஷியா பக்கமிருந்து வந்த குடும்பமாம். கொட்டகை வாசலில் ஒரு மேஜை போட்டு அத்திப்பழம், பூசணிக்காய், தேன், முட்டை எல்லாம் வைத்திருந்தார்.

வந்ததும் எங்களிடம் ஒன்று சொன்னார். அவர் பேசியது ஆங்கிலத்தில்தான், நான் தமிழில் சொல்கிறேன். "அத்தி மரம், ஆடுகள், கொட்டகை எங்க வேணாலும் போய்ப் பாருங்க. சங்கிலி போட்ட இடத்துக்கு மட்டும் போகாதீங்க."

நான் தலையாட்டினேன். கண் பூசணிக்காய் மேல் இருந்தது. சாம்பாருக்கு எது நல்லது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் மிகவும் சந்தோஷமாகப் போனது. மகள் ஆட்டுக்குட்டிகளை விட்டு வரவே மாட்டேன் என்றாள். ஒரு கூடை அத்திப்பழம் பறித்தோம். அதை எடைபோட அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கொட்டகைக்குள் சும்மா எட்டிப் பார்க்கப் போனோம். உள்ளே கடைசியில் ஒரு கதவு திறந்திருந்தது. அதற்கு அப்பால் ஆறு படி இறங்கினால் நிலவறை. பாதி இருட்டில் மரப் பீப்பாய்கள் வரிசையாக நின்றன. ஓரத்தில் பெரிய திறந்த தொட்டிகள், நுரை கட்டிய திராட்சைச் சாறு. பார்க்க அத்தனை அழகாக இருந்தது. கதவுக்குக் குறுக்கே இடுப்பு உயரத்தில் ஒரு மஞ்சள் சங்கிலி. அதில் உள்ளே வரக் கூடாது என்று ஒரு பலகை தொங்கியது.

எனக்கு உடனே தோன்றியது போட்டோ. ஊரில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் நாத்தனார் ஸ்விட்சர்லாந்து படங்களாகப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தப் பீப்பாய்களுக்கு நடுவில் மகளை நிற்க வைத்து ஒரு படம் எடுத்தால் எப்படி இருக்கும் என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது.

சங்கிலியின் கொக்கியை நான்தான் கழற்றினேன்.

"பாப்பா, ரெண்டு நிமிஷம் கீழ போய் அந்தப் பீப்பாய் பக்கத்துல நில்லு. அம்மா போட்டோ எடுத்துட்டு உடனே வந்துடலாம்."

மகள் நகரவில்லை. பலகையைக் காட்டினாள். "நோ அம்மா. சைன் இருக்கு."

"அது வேலை செய்யறவங்களுக்குப் போட்டிருக்கு. போ கண்ணா."

"இட்ஸ் ஃபார் எவ்ரிபடி," என்று சொல்லிவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கணவரும் தயங்கினார். "சங்கிலி போட்டிருக்காங்கல்ல, எதுக்கு வம்பு?"

"உள்ள யாருமே இல்லைங்க. நீங்க போய் நில்லுங்க, அப்ப அவளும் பயப்படாம வருவா."

அவர் எதற்கும் என்னிடம் வாதாட மாட்டார். சிரித்துக்கொண்டே ஆறு படியும் இறங்கினார். பீப்பாய் வரிசையை நோக்கி நாலைந்து எட்டு நடந்து, திரும்பி, இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். நான் போனைத் தூக்கி ஒரு படம் எடுத்தேன்.

"என்னமோ சோடா குடிச்ச மாதிரி மூக்குல ஏறுது," என்றார்.

அடுத்த நொடி அவர் முழங்கால்கள் மடங்கின. தள்ளாடவில்லை, எதையும் பிடிக்கப் பார்க்கவில்லை. நூல் அறுந்த மாதிரி அப்படியே உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்தார்.

நான் சிரித்தேன். மகளைச் சிரிக்க வைக்க வீட்டில் அடிக்கடி அப்படிச் செத்த மாதிரி விழுந்து காட்டுவார். "எந்திரிங்க, சட்டையெல்லாம் அழுக்காகுது," என்றுகூடச் சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை. வாய் திறந்திருந்தது. ஒரு கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டு தப்பான கோணத்தில் கிடந்தது. விளையாட்டுக்கு விழுகிறவர்கள் அப்படி விழ மாட்டார்கள்.

அவர் பெயரைக் கத்திக்கொண்டே படியில் ஒரு காலை வைத்தேன்.

பின்னாலிருந்து இரண்டு கைகள் என் இடுப்பைச் சுற்றிப் பிடித்தன. அப்படியே தரையிலிருந்து தூக்கிப் பின்னால் இழுத்தன. அந்த அம்மா. எடைபோட்ட பழத்தைக் கொடுக்க வந்தவர் கழற்றிப் போட்டிருந்த சங்கிலியைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறார். எனக்கு அப்போது எதுவும் புரியவில்லை. என் கணவர் கீழே கிடக்கிறார், இந்தப் பெண் என்னைப் போகவிடாமல் தடுக்கிறாள், அவ்வளவுதான். உதைத்தேன். முழங்கையால் குத்தினேன். பிடி தளரவே இல்லை. கடைசியில் அவர் மணிக்கட்டைக் கடித்தேன். வாயில் ரத்த ருசி தெரிந்தது.

அவர் கத்தவில்லை. என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னார். "கீழே விஷக் காற்று இருக்கு. நீ இறங்கினா நீயும் விழுவ. உன் குழந்தைக்கு ரெண்டு பேரும் இருக்க மாட்டீங்க."

அந்த வார்த்தையில் என் உடம்பு தானாக நின்றது. அவர் ஒரு கையை விட்டுச் சுவரில் இருந்த சிவப்பு விசையை அடித்தார். எங்கேயோ ஒரு பெரிய காற்றாடி உறுமத் தொடங்கியது. வெளியே இருந்த தன் கணவரைக் கூப்பிட்டு, "கீழ்க் கதவு," என்று இரண்டே சொல். பிறகு என் கையை ஒரு கையிலும் மகளின் கையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு வெளியே ஓடினார். பீப்பாய்களை வண்டியில் ஏற்ற, சரிவின் கீழ்ப்பக்கத்தில் அந்த நிலவறைக்கு இன்னொரு கதவு இருந்தது. நாங்கள் போய்ச் சேரும்போது அவர் கணவர் அதைத் திறந்திருந்தார்.

அந்த மனிதரும் உள்ளே போகவில்லை. எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆறடி உயரம், அத்தனை பலம், நாலு எட்டு எடுத்து வைத்தால் தூக்கி வந்துவிடலாம், ஏன் நிற்கிறார்? எங்களைப் பார்த்து, "ஓரமா நில்லுங்க, கதவுக்கு நேரா நிக்காதீங்க, குனியாதீங்க," என்றார். காற்றைவிடக் கனமான அந்த வாயு திறந்த கதவு வழியாகத் தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து போகும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. வெயில் அடித்தது. பட்டாம்பூச்சிகூடப் பறந்துகொண்டிருந்தது.

கொடிகள் மேல் வலையைத் தூக்கிப் போட அவர்களிடம் ஒரு நீளமான கொக்கிக் கழி இருந்தது. அந்த அம்மா அதை எடுத்து வந்தார். கணவனும் மனைவியும் கதவோரம் நிமிர்ந்து நின்றபடி கழியை உள்ளே நீட்டினார்கள். கொக்கி முதலில் சட்டைக் காலரில் மாட்டி, கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. இரண்டாவது தடவை முதுகுப் பையின் பட்டையில் விழுந்தது. "பிடி," என்றார் அந்த அம்மா என்னிடம். நானும் பிடித்தேன். மூன்று பேரும் இழுத்தோம். சிமெண்ட் தரையில் என் கணவர் சரசரவென்று, ஒரு மூட்டை வருவதுபோல வந்தார்.

வெளியே புல்லில், சரிவின் மேல்பக்கமாகத் தூக்கிப் போட்டோம். உதடுகள் நீலமாக இருந்தன. மூச்சு இல்லை.

இந்த இடத்தைச் சொல்ல எனக்கு வெட்கம். முதியோர் இல்லத்தில் வருடா வருடம் முதலுதவிப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கியவள் நான். அந்த நேரத்தில் என் கைகளுக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டு, "என்னங்க, என்னங்க," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாதான் என்னை நகர்த்திவிட்டு மண்டியிட்டு, தலையை நிமிர்த்தி, வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்தார். அவர் கணவர் மார்பில் அழுத்தினார். நான் கடித்த அந்த அம்மாவின் மணிக்கட்டிலிருந்து சொட்டிய ரத்தம் என் கணவரின் வெள்ளைச் சட்டையில் விழுந்துகொண்டே இருந்தது.

எத்தனை நேரம் என்று தெரியாது. திடீரென்று கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு சத்தம். என் கணவர் மூச்சை இழுத்தார். இன்னொன்று. பிறகு புரண்டு வாந்தி எடுத்தார். நான் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மகள் அழாமல், அசையாமல், கைகளைக் காதில் பொத்திக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். தலைவலியும் கையில் சுளுக்கும் தவிர வேறொன்றும் இல்லை என்று அனுப்பினார்கள். ஆனால் அதற்கு முன்பு டாக்டர் எனக்கு விளக்கினார். திராட்சைச் சாறு நொதிக்கும்போது கரியமில வாயு வெளிவரும். நிறமில்லை. காற்றைவிடக் கனம், அதனால் பள்ளத்தில் தேங்கும். ஒரு வளர்ந்த ஆள் சில நொடிகளில் நினைவிழந்துவிடுவார், இன்னும் சில நிமிடங்கள் போனால் முடிந்தது.

நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "ஏழு வயசுக் குழந்தை இறங்கியிருந்தா?"

டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "தரைக்குப் பக்கத்துல அடர்த்தி இன்னும் அதிகம். குழந்தை படியிலயே விழுந்திருக்கும்."

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. போய் நில்லு கண்ணா என்று நான் சொன்னது மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

இத்தனைக்குப் பிறகும் நான் திருந்தவில்லை என்பதுதான் இன்னும் அதிர்ச்சி. அடுத்த வாரம் வேலையிடப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். வாசலில் தடுப்பு ஏதாவது இருந்ததா, எச்சரிக்கைப் பலகை இருந்ததா என்று கேட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "கவனிக்கலை. இருந்த மாதிரி தெரியலை," என்று என் வாய் சொன்னது. எங்கள் மேல் தப்பு வந்துவிடுமோ, விசாவில் பிரச்சினை ஆகுமோ என்று என்னென்னவோ பயம். திரும்பிப் பார்த்தேன். சாப்பாட்டு மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"மன்னிச்சிடுங்க," என்றேன் போனில். "இப்ப நான் சொன்னது பொய். சங்கிலி இருந்தது. பலகையும் இருந்தது. அவங்க முதல்லயே வாயாலயும் சொன்னாங்க. கழற்றினது நான்."

அந்தப் பக்கம் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பிறகு, "நன்றி. இதை எழுத்துல தர முடியுமா?" என்றார். தந்தேன்.

மூன்று வாரம் கழித்து நாங்கள் மூன்று பேரும் அந்தத் தோட்டத்துக்குப் போனோம். கையில் நான் செய்த மைசூர்பாகு. திட்டுவார்கள், திட்டட்டும் என்று நினைத்துக்கொண்டேன். பழம் விற்கும் மேஜை காலியாக இருந்தது. விசாரணை முடியும் வரை வெளியாட்களை உள்ளே விடக் கூடாது என்று உத்தரவாம். நல்ல விற்பனைக் காலத்தில் என்னால் மூன்று வாரம் கதவைச் சாத்தி வைத்திருந்திருக்கிறார்கள். அன்று காலையில்தான் திறக்க அனுமதி வந்ததாக அந்த அம்மா சொன்னார். அந்தச் சங்கிலி இருந்த இடத்தில் இப்போது பூட்டுப் போட்ட இரும்புக் கதவு.

அவர் மணிக்கட்டில் என் பற்கள் பதிந்த தடம் அரை வட்டமாகச் சிவந்திருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று வரிசையாகச் சொல்ல முயன்றேன், சங்கிலிக்கு, கடித்ததற்கு, பொய் சொன்னதற்கு. பாதியிலேயே அழுகை வந்துவிட்டது.

அவர் என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார். என் கணவரும் மகளும் ஆடுகளிடம் போயிருந்தார்கள். அவர்களைப் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்குப் பத்தொன்பது வயசு. இதே நிலவறை. அப்ப காற்றாடி கிடையாது, கீழ்க் கதவும் கிடையாது. சாறு எப்படி இருக்குன்னு பார்க்க எங்க அப்பா இறங்கினார். வரலை. எங்க அண்ணன் போய்ப் பார்த்தான், அப்பா கீழ கிடந்தார். ஓடி இறங்கிட்டான். அவனும் வரலை. நான் வாசல்ல அவன் பக்கத்துலதான் நின்னேன்."

திராட்சைக் கறை படிந்த விரல்களால் மைசூர்பாகுப் பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"அப்பா போனதைக்கூட நான் ஏத்துக்கிட்டேன். ஆனா அண்ணனோட சட்டை என் கைக்கு எட்டுற தூரத்துலதான் இருந்தது. நான் பிடிக்கலை. காப்பாத்தத்தானே போறான்னு நினைச்சேன்."

முப்பது வருடத்துக்கு மேல் அந்த ஒரு நொடியை மனதுக்குள் திரும்பத் திரும்ப வாழ்ந்தவருடைய கைகள்தான் அன்று என்னைப் பிடித்தவை. நான் உதைத்தும் குத்தியும் கடித்தும் ஏன் விடவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. எல்லா எச்சரிக்கையையும் தாண்டி, சங்கிலியைக் கழற்றி, அவர் வாழ்க்கையின் மிக மோசமான நாளை அவர் கண் முன்னால் மறுபடி கொண்டுவந்து வைத்தவள் நான். அப்படிப்பட்டவளிடம் ஒரு கடுஞ்சொல் இல்லை. கிளம்பும்போது காரின் பின்சீட்டில் ஒரு பூசணிக்காயை வைத்தார். "அன்னைக்கு நீ வாங்காம போயிட்ட," என்றார்.

கணவருடைய தலைவலி ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. அந்தப் போட்டோ மட்டும் என் போனில் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை, யாருக்கும் அனுப்பவும் இல்லை. ஒரு வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் சாயந்திரம் மூன்று தட்டை மேஜையில் எடுத்து வைக்கும்போது, என் இடுப்பைச் சுற்றி அந்த இரண்டு கைகள் இறுக்கிப் பிடித்திருப்பதுபோலவே இருக்கிறது. நான் எவ்வளவு வெறுத்துத் திமிறினாலும் விடாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வாய்ப்பது எத்தனை பெரிய கருணை என்று நினைத்துக்கொள்வேன்.